சின்ன லப்டொப், சின்னக் காசு: வன்னிக்கு எது தோது?

விசுவமடுவில் இருந்து அக்கா போன் எடுத்தால் முதலில் மழை, அடுத்தது மாடு, அதற்குப் பிறகுதான் விஷயம். அன்றைக்கு மழையும் இல்லை, மாடும் இல்லை. "தம்பி, சீட்டுக் காசு ஒரு லட்சத்து இருபதாயிரம் கையில கிடக்கு. பிள்ளைக்கு ஒரு சின்ன லப்டொப் எடுக்க வேணும். எது நல்லது எண்டு சொல்லு" என்றார். மருமகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் இடம் கிடைத்திருந்தது.

"சின்னன் எண்டால் என்ன அக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உடனே போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். வீட்டில் இருந்த நாலு பேரும் நாலு பதில் சொன்னார்கள்.

மருமகளுக்குச் சின்னன் என்றால் பாரம் குறைந்தது. விசுவமடுவில் ஏறிப் பரந்தனில் இறங்கி, ஏ9 வீதியில் வவுனியா பஸ் பிடித்து, அங்கிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவுக்கு இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். பல நாட்களில் நின்றுதான் போவாள். அக்காவுக்குச் சின்னன் என்றால் விலை. அத்தானுக்குக் கரண்ட் குடிக்காதது. ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மருமகன் மட்டும் கட்சி மாறினான்: "சின்னன் வேண்டாம் மாமா, பெரிய ஸ்கிரீனா எடுங்கோ." அவனுடைய கேம் கதை எனக்குத் தெரியும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த ஒரு சொல்லுக்குள் பாரமும் விலையும் மின்சாரமும் ஒன்றாகக் கிடக்கின்றன. மலிவு லப்டொப் செய்யும் கம்பெனிகள் இதில் ஒன்றைத் தந்துவிட்டு மற்ற இரண்டையும் தந்த மாதிரிப் பெட்டியில் எழுதிவிடும். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை, நானும் அன்று சொல்ல மறந்தேன்: பழுதானால் கிளிநொச்சியில் ஒருவர் அதைத் திறந்து பார்க்க முடியுமா என்பது. என் கணக்கில் மற்ற மூன்றையும் விட இதுதான் பெரியது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முன்பும் ஒருமுறை சின்ன லப்டொப் வந்தது

2005இல் துனிஸ் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் நிக்கலஸ் நெக்ரோபொன்டே ஒரு பச்சை நிறக் குட்டிக் கணினியைக் காட்டினார். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டொலர் லப்டொப் என்பது பேச்சு. பக்கத்தில் கைப்பிடி ஒன்று இருந்தது. அதைச் சுற்றினால் மின்சாரம் வரும் என்றார்கள். கோபி அனான் சுற்றிப் பார்க்க, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. விற்பனைக்கு வந்த கணினியில் அந்தக் கைப்பிடியே இல்லை. விலையும் 100 டொலரில் நிற்காமல் இருமடங்குக்குக் கிட்டப் போனது. எனக்கு அந்தக் கைப்பிடிக் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். தொண்ணூறுகளில் பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். சுற்றுகிறவருக்குக் கை உளையும், செய்தி பாதியில் நிற்கும் என்பதை எங்களிடம் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்போம்.

ஆனால் அந்தக் கணினியில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அதன் திரையை வெயிலில் வைத்து வாசிக்கலாம். மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த திரை அது. வெளிச்சம் கூடக் கூட எழுத்து தெளிவாகத் தெரியும். இன்றைய மலிவு லப்டொப்பை வேப்பமரத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

2007 கடைசியில் அசூஸ் கம்பெனி ஈ பீசி என்று ஒன்றை விட்டது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைவான பாரம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். உலகம் முழுக்க அள்ளிக்கொண்டு போனார்கள். சனம் கேட்டது அதுதான்: தூக்கிப் போகலாம், காசு குறைவு, கடிதம் எழுதலாம், மின்னஞ்சல் பார்க்கலாம். அடுத்த வருடமே எல்லாக் கம்பெனியும் ஓடி வந்தன. வந்து என்ன செய்தார்கள்? திரையை 9 அங்குலமாக்கி, பிறகு 10 ஆக்கி, ஹார்ட் டிஸ்க் போட்டு, விண்டோஸ் ஏற்றி, விலையையும் ஏற்றினார்கள். ஆனால் உள்ளே மூளையாக இருந்த புரொசசர் அதே நோஞ்சான்தான். விண்டோஸ் 7 வந்தபோது அதற்கென்று ஒரு மலிவுப் பதிப்பு செய்தார்கள். அதில் பின்னணிப் படத்தைக் கூட மாற்ற முடியாது. 2010இல் ஐபேட் வந்ததும் ஆட்டம் காணத் தொடங்கி, 2012 முடிவோடு பெரிய கம்பெனிகள் அந்த வகையைச் செய்வதையே நிறுத்திவிட்டன.

ஈ பீசி வந்த வருடம் ஏ9 பாதை மூடிக் கிடந்தது. வன்னிக்கு அந்தக் குட்டி லப்டொப்கள் வந்தது மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்து வந்த உறவினர்களின் சூட்கேசில். அதாவது அங்கே அலுத்துப்போன பிறகு. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது, ஒரு பக்கம் திறக்க ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். இன்று கடையில் "சின்ன லப்டொப், புத்தம் புதுசு" என்று வைத்திருப்பதில் பாதி அதன் பேரப்பிள்ளைகள்தான். அந்தக் குணம் இன்னும் போகவில்லை.

புதிய 11 அங்குலம்

அக்காவின் காசைக் கொண்டுபோனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். 11.6 அங்குலத் திரை, இன்டெலின் மலிவு வகையான செலரான் புரொசசர், வேலை நேரத்து நினைவகமான ராம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி. பெட்டி உடைக்காதது, ஒரு வருட உத்தரவாதம், பார்க்க மினுக்கமாக இருக்கும். ஒரு கிலோ சொச்சம்தான் பாரம். பற்றரியும் புதிது.

இதை முழுக்கத் திட்ட முடியாது. செலரான் என்4020 போன்றவை 6 வாட் வகை. சூடு குறைவு என்பதால் பலவற்றில் காற்றாடியே கிடையாது. தர்மபுரம், விசுவமடுப் பக்கம் புழுதி எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். காற்றாடி உள்ள லப்டொப் வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து தூசு தட்டாவிட்டால் மூச்சுத் திணறும். காற்றாடி இல்லாததற்கு அந்தக் கவலை இல்லை. எறும்பு மட்டும் இரண்டுக்கும் பொது.

பிரச்சினை 4க்கும் 64க்கும் இடையில் கிடக்கிறது. விண்டோஸ் 11 நிறுவ மைக்ரோசொஃப்ட் கேட்கும் ஆகக் குறைந்த அளவே 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும்தான். அதாவது இந்தக் கணினி வாசலைத் தாண்டி உள்ளே வந்து நிற்கிறது, இருக்கக் கதிரை இல்லை. விண்டோஸ் உட்கார்ந்த பிறகு மிஞ்சும் இடத்தில் பாதியைப் புதுப்பிப்புகள் தின்றுவிடும். சேமிப்பு ஹார்ட் டிஸ்க்கும் இல்லை, எஸ்எஸ்டி என்ற கழற்றக்கூடிய வேகச் சேமிப்பும் இல்லை. ஈஎம்எம்சி என்ற சிப், போனில் இருப்பது போல, மதர்போட்டில் ஒட்டியிருக்கும். பல மொடல்களில் ராமும் ஒட்டியதுதான். இரண்டு வருடத்தில் பிள்ளை பெரிய எக்செல் கோப்பு ஒன்றையும் பத்து இணையப் பக்கங்களையும் ஒன்றாகத் திறந்தால் கூட்டிப் போட வழியில்லை.

எனக்கே நடந்தது இது. இதே வகையில் ஒன்றை, 32 ஜிபியோடு, ஆசையாக வாங்கினேன். பதினாலாவது மாதம் அந்தச் சிப் போனது. கடையில் "மதர்போட் மாத்த வேணும், கொழும்புக்கு அனுப்ப வேணும்" என்றார்கள். சொன்ன விலைக்கு இன்னொன்று வாங்கலாம். என் கோப்புகளையாவது எடுத்துத் தரச் சொன்னேன். டிஸ்க் தனியாக இருந்தால் கழற்றி வேறு கணினியில் பூட்டி எடுத்திருப்போம், இது ஒட்டியது என்றார் திருத்துகிற தம்பி. அவர் மேல் பிழை இல்லை. இப்போது அதன் மூடி எங்கள் வீட்டில் மீன் குழம்புச் சட்டிக்கு அடியில் வைக்க உதவுகிறது.

புதியதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இன்டெல் என்100 என்று 2023இல் வந்த புரொசசர் அதே 6 வாட் வகை, ஆனால் நாலு மையம் உள்ளது. செலரானுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதோடு 8 ஜிபி ராமும், கழற்றக்கூடிய எஸ்எஸ்டியும் இருந்தால் வாங்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

பாவித்த ஒஃபிஸ் லப்டொப்

வெளிநாட்டுக் கம்பெனிகள் மூன்று நாலு வருடம் பாவித்துவிட்டுக் கழிக்கும் லப்டொப்கள் கொள்கலன் கணக்கில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வருகின்றன. லெனோவா திங்க்பேட், டெல் லட்டிட்டியூட், எச்பி எலீட்புக். இவற்றில் 12.5 அங்குலம், 13 அங்குல வகைகளைத்தான் நான் சின்னன் என்று சொல்வேன். பாரம் ஒன்றேகால் கிலோ அளவில். மூடி உறுதி, கீபோட் அருமை. புதிதாக இருந்தபோது அக்காவின் சீட்டுக் காசைப் போல மூன்று நாலு மடங்கு விலைப்பட்ட சாமான்கள்.

"பாவிச்சதோ?" என்று அக்கா இழுத்தார். அத்தான்தான் உதவிக்கு வந்தார். "எங்கட டிராக்டரும் பாவிச்சதுதானே. வாங்கின நாள் தொட்டு உழுதுகொண்டுதானே நிக்குது." உண்மைதான். டிராக்டர் வாங்கும்போது நாங்கள் வருடத்தைப் பார்ப்பதில்லை, திறந்து பார்ப்போம். லப்டொப்புக்கும் அதே முறை.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இதைத் தெரியாமல் போனால் நல்ல சாமான் என்று நினைத்துக் காலாவதியானதை வாங்கி வருவோம். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் புரொசசர் எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும். ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண் 6இலோ 7இலோ தொடங்கினால் பழையது. 8இல் தொடங்கினால் சரி. 10, 11 என்றால் இன்னும் நல்லது. உலகம் முழுக்கக் கம்பெனிகள் பழையவற்றைக் கழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே சந்தையில் ஆறாம், ஏழாம் தலைமுறை மலிவாகக் கொட்டிக் கிடக்கும். கடைக்காரர் விண்டோஸ் 11ஐ எப்படியோ ஏற்றியும் வைத்திருப்பார். நாளைக்கு ஒரு பெரிய புதுப்பிப்பு ஏற மறுத்தால் அவரிடம் போய் நிற்க முடியாது.

இந்த எல்லைக் கோட்டில்தான் எனக்கு மனக் கஷ்டம். திங்க்பேட் எக்ஸ்270 என்று 2017 மொடல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளே ஒரு பற்றரி, வெளியே ஒரு பற்றரி. வெளியே உள்ளதை லப்டொப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி இன்னொன்றைப் பூட்டலாம். கரண்ட் இல்லாத ஊருக்கென்றே செய்த மாதிரி. ஆனால் அது ஏழாம் தலைமுறை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அடுத்த வருட எக்ஸ்280 கோட்டைத் தாண்டியது, ஆனால் வெளிப் பற்றரியை எடுத்துவிட்டார்கள், ராமையும் மதர்போட்டில் ஒட்டிவிட்டார்கள். 8 ஜிபியோடு வந்தால் கடைசிவரை 8தான். சனம் கேட்டதை ஒரு கையால் தந்து மறு கையால் எடுப்பது குட்டி லப்டொப்போடு முடியவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கதை.

நடுவில் நிற்பது டெல் லட்டிட்டியூட் 7290. அதுவும் 2018 மொடல், எட்டாம் தலைமுறை, 12.5 அங்குலம். ராம் கழற்றிப் போடலாம், எஸ்எஸ்டி கழற்றிப் போடலாம், பற்றரி உள்ளே இருந்தாலும் திருகாணி கழற்றினால் கையில் வரும். புதுப் போன்களில் இருக்கும் யூஎஸ்பி-சி துளை வழியாகவும் சார்ஜ் ஏறும். கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றால் எச்பி எலீட்புக் 830 ஜி5, 13.3 அங்குலம், ராமுக்கு இரண்டு இடம். இவற்றோடு அசல் விண்டோஸ் உரிமமும் மெஷினுக்குள்ளேயே பதிந்து வரும், களவுப் பதிப்பு தேடத் தேவையில்லை.

எக்ஸ்270 மலிவாகக் கிடைத்து, விண்டோஸ் கட்டாயம் இல்லை என்றால், லினக்ஸ் மின்ட் ஏற்றிப் பாவிக்கலாம். என் சொந்த லப்டொப் அப்படித்தான் ஓடுகிறது. அக்காவின் மகளுக்கு நான் அதைச் சொல்லவில்லை. விரிவுரையாளர் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளிலும் எக்செலிலும் செய்து தா என்பார். அவள் முதல் செமஸ்டரில் பாடத்தோடு மல்லுக்கட்டட்டும், கணினியோடு வேண்டாம்.

கரண்ட் கணக்கு

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. கொழும்புக்காரர் அதைப் பேரழிவு என்று எழுதினார்கள். வன்னியில் கன வருடம் முழுநாளும் கரண்ட் இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு பழைய சொந்தக்காரர் திரும்பி வந்த மாதிரி. இப்போது அந்த அளவு இல்லை. ஆனாலும் மாரியில் இடி மின்னல் என்றால் நாங்களே பிளக்கைக் கழற்றிவிடுவோம். கழற்ற வேண்டும். மின்னலில் போன றவுட்டர்களை எண்ணினால் ஒரு கடை வைக்கலாம்.

மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து 80, 100 வாட் வரை இழுக்கும். சின்ன லப்டொப் எழுத்து வேலைக்கு 8 முதல் 12 வாட். லட்டிட்டியூட் 7290 இரண்டு வகைப் பற்றரியோடு வந்தது: 42 வாட்-மணி, 60 வாட்-மணி. பழையதாகி முக்கால்வாசி மிஞ்சியிருந்தாலும் 60 வகை நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட நிற்கும், 42 வகை மூன்றைத் தொடும். வாங்கும்போது எது உள்ளே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அத்தான் உடனே டிராக்டர் பற்றரிக்கு வந்தார். 12 வோல்ட், 70 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 840 வாட்-மணி. ஆனால் ஸ்டார்ட் பண்ணும் பற்றரியை ஆழமாக இறக்கினால் அது கெட்டுவிடும். கால்வாசியை மட்டும் எடுத்தால் 210. வழியில் போகும் நட்டத்தைக் கழித்தாலும் 42 வகைப் பற்றரியை மூன்று நாலு தடவை நிரப்பலாம். இதற்குத்தான் யூஎஸ்பி-சி முக்கியம் என்கிறேன். வாகனத்தில் பூட்டும் நல்ல யூஎஸ்பி-சி சார்ஜர், 60 வாட்டுக்கு மேல் தரக்கூடியது ஒன்று இருந்தால், 12 வோல்ட்டில் இருந்து நேரே லப்டொப்புக்குப் போகும். பழைய உருண்டை முனை சார்ஜர் என்றால் இன்வேட்டர் பூட்டி 230 வோல்ட்டாக்கி, பிறகு திரும்ப 19 ஆக்கி, இரண்டு இடத்தில் ஒழுக விட வேண்டும். கூரையில் சின்ன சோலர் வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே கணக்குத்தான்.

அத்தானுக்கு இந்தப் பகுதி மட்டும் நன்றாகப் பிடித்தது. திரும்பவும் சொல்லச் சொன்னார்.

குரோம்புக், டேப்லட்

குரோம்புக் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லப்டொப். பாவித்தது மலிவாக வருகிறது. வெளிநாட்டுப் பாடசாலைகளில் அடித்துத் துவைத்த பிறகும் உடையாத வகை. 4 ஜிபியிலும் சுறுசுறுப்பாக ஓடும். பல மொடல்களில் காற்றாடி இல்லை, பற்றரி கனநேரம் நிற்கும். பள்ளிப் பிள்ளைக்கு, யூடியூப்பில் பாடம் பார்த்து, சூமில் ரியூசன் எடுத்து, கட்டுரை எழுதுவதற்கு இதைவிடக் கரைச்சல் இல்லாத ஒன்று கிடையாது.

ஆனால் மூன்று முட்கள் இருக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு மொடலுக்கும் புதுப்பிப்பு முடியும் திகதி உண்டு. 2021இலும் அதற்குப் பிறகும் வந்த மொடல்களுக்கு வெளியான காலத்தில் இருந்து 10 வருடம் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. பழையவற்றில் பல ஏற்கனவே முடிந்தவை. அமைப்புகளில் குரோம் ஓஎஸ் பற்றிய பக்கத்தில் போய்க் கடையிலேயே திகதியைப் பார்க்கலாம். இரண்டாவது, பாடசாலையின் பூட்டு. பழைய பாடசாலை அதைத் தன் பட்டியலில் இருந்து நீக்காமல் விட்டிருந்தால், நீங்கள் முழுக்க அழித்துப் புதிதாக்கினாலும் அது மறுபடி அந்தப் பாடசாலையின் கணக்கைக் கேட்கும். வேறு வழி கிடையாது. வாங்க முன்பு கடைக்காரரையே உங்கள் முன்னால் அழித்து, உங்கள் ஜிமெயிலில் திறக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பாமினி. இது அக்காவின் பிரச்சினை. அக்கா ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் பத்து வருடமாகப் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் முறை இல்லை, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வேஷம் போட்ட எழுத்துரு. குரோம்புக்கில் விரும்பிய எழுத்துருவைச் சும்மா நிறுவ முடியாது. அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். மருமகள் போனில் பழகிய மாதிரி ஒலிப்பு முறையில் யுனிகோட் அடிப்பாள், அவளுக்கு எந்தக் கணினியும் சரி. அக்கா விரல் பாமினியில் பழகியது. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் பாதிப் பேர் அப்படித்தான். வீட்டில் ஒரு லப்டொப் என்றால் தாயும் பிள்ளையும் இரண்டு பேரும் அடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குரோம்புக் அந்த இடத்தில் விழுந்தது.

டேப்லட்டும் கீபோட்டும் சேர்த்து வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாசிக்க நல்லது, பஸ்ஸில் சுகம், எக்செலில் அழுகை. ஏற்கனவே நல்ல போன் வைத்திருப்பவருக்கு அது இன்னொரு பெரிய போன்.

டேட்டா குடிக்கும் பிராணி

வன்னியில் பெரும்பாலான வீட்டுக்கு வயர் இணைப்பு இல்லை, சிம் போட்ட றவுட்டர் அல்லது போன் ஹாட்ஸ்பொட்தான். உள்ளூர்களில் சிக்னல் பிடிக்கக் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கும் ஆட்களும் உண்டு. இதில் புது விண்டோஸ் லப்டொப்பை இணைத்தால் அது முதல் நாளே உங்கள் மாத டேட்டாவுக்கு வாய் வைக்கும். வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை அளவுள்ள இணைப்பு என்று குறித்துவிட்டால் பெரிய புதுப்பிப்புகளைத் தன்பாட்டில் இறக்காது. பிறகு பல்கலைக்கழக வைஃபையில் வைத்து இறக்கிக்கொள்ளலாம். மருமகளுக்கு நான் தந்த ஒரே தொழில்நுட்ப அறிவுரை இதுதான், அதைத்தான் அவள் குறித்தும் வைத்தாள்.

பாரிஸ் லப்டொப்

இந்தக் கட்டத்தில் அத்தானின் தம்பி பாரிஸில் இருந்து ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொன்னார். காசு மிச்சம். இதையும் ஒரு தெரிவாக எடுத்துப் பார்த்தோம். பிரான்ஸ் லப்டொப்பில் கீபோட் எழுத்து வரிசையே வேறு. ஆங்கில ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும், எண் அடிக்க ஷிஃப்ட் அழுத்த வேண்டும். சுவிஸ், ஜேர்மன் என்றால் ஒய்யும் இசட்டும் இடம் மாறிக் கிடக்கும். விண்டோஸில் வரிசையை மாற்றலாம், ஆனால் விசையின் மேல் அச்சடித்திருப்பது ஒன்று, வருவது ஒன்று. பாமினி பழகிய கைக்கு அது பேய்பிடித்த மாதிரி இருக்கும். பிளக் வேறு என்பது பிரச்சினையே இல்லை, சுவருக்குப் போகும் வயரை மட்டும் இங்கே வாங்கி மாற்றலாம். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதால், அதை மருமகனுக்கு ஒதுக்கினோம். அவனுக்கு எழுத்து வரிசை முக்கியமில்லை. நாலு அம்புக்குறி விசை போதும்.

கடையில்

கிளிநொச்சியில் கடை ஏறி இறங்கிப் பார்த்ததில் ஒரு லட்டிட்டியூட் 7290 கையில் பட்டது. மருமகளையே பார்க்க விட்டேன், நான் பின்னால் நின்றேன். முதலில் எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயோஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் போனாள். பழைய கம்பெனியின் கடவுச்சொல் அங்கே கேட்டால் அந்த லப்டொப்பைத் தொடக் கூடாது, கேட்கவில்லை. அடுத்து பற்றரி அறிக்கை. விண்டோஸே அதை எழுதித் தரும், செய்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று. 60 வகைதான் இருந்தது, இப்போது 41 கொள்ளும். கடைக்காரத் தம்பி, "நல்ல பற்றரி தங்கச்சி" என்றார். "மூண்டில ஒரு பங்கு போட்டுது அண்ணா" என்று அவள் சொன்னாள். விலையில் கொஞ்சம் இறங்கினார்.

எல்லா விசையையும் ஒவ்வொன்றாக அடித்தாள். யூஎஸ்பி-சி துளையில் என் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தாள். சக்தி போதவில்லை என்று திரையில் எழுதியது, ஆனால் துளை வேலை செய்கிறது என்று தெரிந்தது. பிறகு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் திறந்தாள். ஒன்றும் தெரியவில்லை. "இது எல்லாத்திலயும் இப்பிடித்தான் பிள்ளை" என்றேன்.

8 ஜிபி ராமோடு, ஒரு புது சார்ஜரும் சேர்த்து, அக்காவின் காசில் கொஞ்சம் மிஞ்சியது. அதை வைத்து டிராக்டருக்குப் பூட்டும் சார்ஜர் வாங்க வேண்டும் என்று அத்தான் நின்றார். அக்கா பாமினியை ஏற்றித் தரச் சொல்லிவிட்டு, கடைக் கதிரையிலேயே இருந்து சங்கத்தின் பழைய கடிதம் ஒன்றைப் பென்டிரைவில் இருந்து திறந்து பார்த்தார். எழுத்து ஒழுங்காக வந்தது. "வயல் வாய்க்கால் திருத்தம் தொடர்பாக" என்று முதல் வரி. பதில் இன்னும் வராத கடிதம் அது. திகதியை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி அனுப்பலாம் என்றார்.